பத்மா பாஸ்

பத்தாவது பரீட்சை ரிசல்ட் மாலைப் பேப்பரில் வந்துவிட்டால், ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் மறுநாள் யாரும் சமைக்க வேண்டாம், இனிப்பிலேயே வயிறு நிறைந்துவிடும். பாஸான பிள்ளை புதுச் சட்டை போட்டுக்கொண்டு தட்டோடு வீடு வீடாக வரும். அப்படி வந்த தட்டுகளைச் சுசீலா பத்து வருஷமாக வாங்கி, வெறுந்தட்டாகக் கொடுக்கக் கூடாதென்று சர்க்கரை போட்டுத் திருப்பியிருக்கிறாள். அவள் வீட்டிலிருந்து ஒரு தட்டும் போனதில்லை.

ஒரே மகள் பத்மா. பிறவியிலேயே மூளை வளர்ச்சி மெதுவு என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒன்றாம் வகுப்பில் சேர்த்த மூன்றாம் மாதம், "இவ இருந்தா மத்த பிள்ளைங்களுக்கு இடைஞ்சல்" என்று டீச்சர் கையைப் பிடித்துக் கொண்டுவந்து வீட்டு வாசலில் விட்டுவிட்டாள். சுசீலா சண்டை போட்டுப் பார்த்தாள், பலிக்கவில்லை. அன்றைக்கு அழுது தீர்த்தாள். மறுநாள் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் பெரிதாக ஒரு 'ப' போட்டு மகள் முன்னால் வைத்தாள்.

அந்த ஒரு எழுத்துக்கே ஒரு மழைக்காலம் போயிற்று. நேற்று சொன்னது இன்றைக்கு மறந்துபோகும். பத்மா அதற்கும் சிரிப்பாள், சுசீலாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் கோபத்தில் தாளைச் சுக்கலாகக் கிழித்துப் போட்டாள். பத்மா குனிந்து துண்டுகளைப் பொறுக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அதோடு கிழிக்கிற வேலை நின்றது. சுசீலா படித்ததும் எட்டாவது வரைதான், வழி சொல்லவும் ஆளில்லை. அடுப்படிதான் பள்ளிக்கூடம், தீபாவளிக்குக்கூட லீவு கிடையாது.

இப்படி ஆறு வருஷம். எண்பத்தொன்பதாம் வருஷம் மே மாதம், ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தில் ஒரு பாடம், ஐந்து வரி, பத்மா விரல் வைத்து முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். அரைமணி நேரம் ஆயிற்று. பக்கத்தில் சோறு குழைந்து கஞ்சியானது. எழுந்தால் எங்கே நிறுத்திவிடுவாளோ என்று சுசீலா அடுப்பைக்கூடத் தொடவில்லை. முடித்ததும் பன்னிரண்டு வயதுப் பெண்ணை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

தனக்குத் தெரிந்தால் போதாது, இதுவும் பாஸ்தான் என்று குவார்ட்டர்ஸே சொல்ல வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. அந்த வருஷம் பத்தாவது ரிசல்ட் வந்த மறுநாள் காலையில் ரவாலட்டு பிடிக்க உட்கார்ந்தாள். ஃபேக்டரிக்குக் கிளம்பிய புருஷன் லோகநாதன் அப்படியே நின்றுவிட்டான்.

"இன்னாமே இது? நம்ம ஊட்ல யார் பாஸு?"

"பத்மா. ஒண்ணாங்கிளாஸு."

"பன்னெண்டு வயசுலயா? சிரிப்பாங்கமே."

"சிரிக்கட்டும். வாய தொறந்தாதான லட்டு போட முடியும்."

அவன் சைக்கிளை எடுத்தான். நல்ல மனுஷன்தான், மகள் விஷயத்தில் மட்டும் நாலு பேருக்குப் பயந்தவன்.

பத்மாவுக்குப் புதுப் பாவாடை கட்டி, தட்டை அவள் கையிலேயே கொடுத்து, சுசீலா பின்னால் நடந்தாள். முதல் இரண்டு வீடுகளில் "நல்லது, நல்லது" என்று வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். மாடிவீட்டு அன்னம்மாளிடம்தான் வம்பு. அவள் மகன் பத்தாவது பாஸாகி முந்தின நாள் சாயங்காலமே இனிப்பு கொடுத்திருந்தான்.

"இன்னா விசேஷம்?"

"பத்மா ஒண்ணாங்கிளாஸ் பாஸாய்ட்டா யக்கா. பாடம் படிக்கிறா."

அன்னம்மாள் லட்டை எடுக்கவில்லை. உள்ளே போய் முந்தின நாள் பேப்பரைக் கொண்டுவந்து பத்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். "எங்க, இதப் படி பாக்கலாம்."

பத்மா தட்டோடு அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். சுசீலாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை.

"நேத்து உம் புள்ள இனிப்பு எத்துகினு வந்தான். பேப்பர குடு, அவன் நம்பர நான் பாக்கணும்னு கேட்டனா யக்கா?"

அன்னம்மாளின் முகம் சுண்டிப்போயிற்று. பேப்பரை மடித்தாள், மடித்ததையே மறுபடி மடித்தாள். லட்டை எடுக்கும்வரை இந்த வாசலை விட்டு நகர்வதில்லை என்று சுசீலா நின்றாள்.

அன்னம்மாள் ஒரு லட்டை எடுத்துப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். பிறகு, பாஸான பிள்ளைகளிடம் எல்லோரும் கேட்கிற கேள்வியைப் பத்மாவைப் பார்த்துக் கேட்டாள்.

"அடுத்து இன்னா படிக்கப் போற கண்ணு?"

பத்மாவிடம் இதுவரை ஒருவரும் அதைக் கேட்டதில்லை. சுசீலா பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பத்மாவே சொன்னாள்.

"ரெண்டாங்கிளாஸு."