கயிற்றின் மறுமுனை

என் மகள் செல்விக்குப் பார்வை கிடையாது. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குத் தூண்டில் போடப் பழக்குகிறோம், எல்லோரும் சேர்ந்து கடற்கரையைச் சுத்தம் செய்கிறோம் என்று திருவொற்றியூரில் ஒரு குழுவினர் அவளை அழைத்தபோதே எனக்குச் சந்தேகம். இலவசமாக யார் செய்வார்கள்? போட்டோ எடுத்து நன்கொடை வசூலிக்கத்தான் என்று நினைத்தேன். அவளை அனுப்பிவிட்டு, சொல்லாமல் பின்னாலேயே போனேன்.

கடலுக்குள் நீளும் பாறைத் தடுப்பின் மேல், குழுவிலிருந்த மீனவர் ஒருவர் அவள் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"என் பொண்ணு இன்னா ஆட்டுக்குட்டியா?" என்று ஓடிப்போய் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினேன்.

"அவுக்காதம்மா, பெரிய அலை வருது," என்றாள் செல்வி, சத்தத்தை வைத்தே.

அலை அடித்ததில் பாசியில் வழுக்கியது நான்தான். அந்த மீனவர் ஒரு கையால் அவளையும் இன்னொரு கையால் என் புடவையையும் பிடித்து இழுத்தார். அப்போதுதான் பார்த்தேன், கயிற்றின் மறுமுனை அவர் இடுப்பில் இருந்தது.

"பாப்பா வுழுந்தா நானும் வுழுவேன்கா. அதான் வுழ வுட மாட்டேன்," என்றார்.

இப்போது வாராவாரம் நானும் போகிறேன். சந்தேகப் புத்தி இன்னும் போகவில்லை. முடிச்சை இழுத்துப் பார்க்காமல் விடுவதில்லை. முதலில் அவர் இடுப்பில் இருப்பதை.

- ஒரு வாசகி, கொருக்குப்பேட்டை