கிளெம் ஜெரம் பெயரில் போனவன்

ஹெஸ்டர் பர்கிஸ் தன் முப்பத்தாறு வயதில் இருபத்திரண்டு வருஷத்தை இஸ்திரிப் பெட்டியோடு கழித்தவள். சவுத்தாம்ப்டன் துறைமுகத்தை ஒட்டிய எங்கள் நார்த்தம் தெருக்களில் ஆண்கள் கப்பலின் அடிவயிற்றில் கரி தள்ளினார்கள். பெண்கள் அதே கப்பல்களின் துணியை வெளுத்தார்கள். மேல்தட்டில் கனவான்கள் சூப்பைச் சிந்திய மேசை விரிப்புகள் சலவைச் சாலைக்கு மூட்டை மூட்டையாக வரும். அவற்றைத் தேய்த்து, மடித்து, அடுக்கிவிட்டு வீட்டுக்குப் போனால் அவள் மேசைக்கு விரிப்பே கிடையாது. அதற்காக அவள் குறைப்பட்டதில்லை. குறைப்படவும் உடம்பில் தெம்பு வேண்டுமே.

புருஷன் நெட் பர்கிஸ் நல்லவன்தான், அதுவும் கடலில் இருக்கும்போது ரொம்ப நல்லவன். கரையில் இருந்தால்தான் தொல்லை. 1911 நவம்பரில் நியூயார்க்கில் மூக்குமுட்டக் குடித்துவிட்டுத் தூங்கிப்போய், கப்பலைக் கோட்டை விட்டான். எங்கள் ஆட்களுக்கு ஆளுக்கொரு கப்பல் புத்தகம் உண்டு; ஒவ்வொரு பயணம் முடிந்ததும் வேலை எப்படி, நடத்தை எப்படி என்று அதில் முத்திரை குத்துவார்கள். நெட்டின் புத்தகத்தில், இவனைப் பற்றிச் சொல்ல மனமில்லை என்று குத்திவிட்டார்கள். அதற்குமேல் அந்தப் புத்தகத்தை எவன் கையில் வாங்குவான்? போதாததற்குச் சுரங்கக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்ய, கரியில்லாமல் பாதிக் கப்பல்கள் துறையிலேயே கட்டிக்கிடந்தன. ஐந்து மாதம் நெட் அடுப்படி நாற்காலியை விட்டு எழவில்லை. ஹெஸ்டர் இரண்டு பெண்பிள்ளைகளையும் அவனையும் சேர்த்து இஸ்திரிப் பெட்டியால் இழுத்தாள்.

ஈஸ்டர் சமயத்தில் அந்தப் புதுக் கப்பலுக்கு ஆள் எடுத்தார்கள். டைட்டானிக். எதிர்வீட்டுக் கிளெம் ஜெரமுக்கு இடம் கிடைத்தது. கல்யாணமாகாதவன், அம்மாவோடு இருந்தான். ஆனால் கப்பல் கிளம்புவதற்கு முதல்நாள் காய்ச்சலில் படுத்துவிட்டான். இருமினால் எதிரே ஹெஸ்டர் வீடுவரை கேட்டது.

எங்கள் தெருவில் இதற்கெல்லாம் ஒரு வழி இருந்தது. போக முடியாதவன் தன் புத்தகத்தைப் போகக்கூடியவனிடம் கொடுப்பான். ஏணி ஏறும்போது மேஸ்திரிக்கு வேண்டியது தலைக்கணக்கு. எவன் முகம் எவன் பெயர் என்றெல்லாம் பார்க்க அவனுக்கு நேரமேது? எல்லோரும் செய்ததுதான். அதை ஏமாற்று என்று ஒருவரும் நினைத்ததில்லை.

நெட் இதைக் கேட்கவில்லை, இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். அவன் பாட்டுக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கிண்ணம் கஞ்சியோடு எதிர்வீட்டு மாடியேறிப் போய்க் கேட்டவள் ஹெஸ்டர்.

"நாளைக்கு நீ எழுந்திருக்கப் போறதில்ல, கிளெம். புத்தகத்த குடு. ரெண்டு வாரம் அவன் மூஞ்சிய பாக்காம இருந்தா நான் கொஞ்சம் மூச்சு விட்டுக்குவேன்."

கிளெம் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தான்.

காலையில் நெட் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பினான். பல மாதம் கழித்து அவன் முகத்தில் சிரிப்பு. "கிளெம் ஜெரமுக்கு ஒரு முத்தம் குடு" என்றான். ஹெஸ்டர் வேலைக்குப் போகும் அவசரத்தில் ரொட்டியில் மாட்டுக்கொழுப்பைத் தடவிக்கொண்டிருந்தாள். "அவன் போய் அவங்கம்மாகிட்ட வாங்கிக்கட்டும்" என்றாள், திரும்பாமலே. அவன் சிரித்துக்கொண்டே போனான்.

ஆறாம் நாள் சேதி வந்தது. பனிமலையில் இடித்து முழுகிவிட்டது என்றார்கள், இல்லை, இழுத்து வருகிறார்கள் என்றார்கள். கப்பல் கம்பெனி ஆபீஸ் வாசலில் ஒரு பலகை வைத்தார்கள். நார்த்தமே அந்தப் பலகைக்கு முன்னால் குடியேறியது. ஹெஸ்டரும் நின்றாள். பக்கத்தில் வின்னி டக்கெட். சலவைச் சாலையில் அடுத்த மேசைக்காரி. அவள் புருஷனும் தம்பியும் அதே கப்பலில். நீ எதுக்கு வந்தே, நெட் போகலையே என்று வின்னி கேட்டதற்கு, உனக்குத் துணையாக என்று ஹெஸ்டர் சொல்லிவைத்தாள். நெட் வேலை தேடிக் கார்டிஃப் துறைமுகத்துக்குப் போயிருக்கிறான் என்று தெருவெல்லாம் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. போலிப் பெயரில் போனது வெளியே தெரிந்தால் கிளெமைப் பிடித்து உள்ளே போடுவார்கள் என்று அவன் அம்மா பயந்து, வாயைத் திறக்காதே என்று ஹெஸ்டரிடம் சத்தியமே வாங்கியிருந்தாள்.

பிழைத்தவர்கள் பட்டியல் ஒட்டினார்கள். டக்கெட் இல்லை. ஜெரமும் இல்லை. வின்னி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஹெஸ்டருக்கு உட்காரவும் உரிமையில்லை. வின்னியைத் தூக்கி, வீட்டில் விட்டு, படுக்க வைத்துவிட்டு வந்தாள்.

அடுத்த வாரம் இறந்தவர்கள் பட்டியலில் கி. ஜெரம் என்று வந்தது. சாவு விழுந்த வீடுகளில் ஜன்னல் திரையை இறக்கிவிடுவது எங்கள் வழக்கம். மாடியில் மகன் இருமிக்கொண்டிருக்க, மிசஸ் ஜெரம் திரையை இறக்கினாள். ஆறுதல் சொல்லப் பாதிரியார் வந்தபோது நிஜமாகவே கதறினாள், இருமல் கேட்டுவிடுமோ என்று. எதிரே ஹெஸ்டர் வீட்டில் திரை திறந்தே கிடந்தது, வெயில் நேராக உள்ளே விழுந்தது. பெண்பிள்ளைகள் அப்பா எப்ப வருவார் என்று கேட்க, அவள் வேலைக்குக் கிளம்பிப் போனாள். அங்கே அந்தக் கப்பலின் அடுத்த பயணத்துக்கென்று அவளே தேய்த்த விரிப்புகள் அலமாரி நிறைய இருந்தன. அவற்றை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

ஒரு சாயங்காலம் கிளெம் பின்வாசல் வழியாக வந்தான். மெலிந்து கொக்கிபோல் இருந்தான்.

"என் புத்தகம் கடல்ல போச்சு. நெட்டோடது உன்கிட்டதானே இருக்கு? அதக் குடு, ஹெஸ்டர். எங்கயாவது தூரமாப் போய்ப் பொழச்சுக்கறேன். எவனாவது அசந்த நேரம் ஏறிடுவேன்."

ஹெஸ்டர் இழுப்பறையைத் திறந்து புத்தகத்தை எடுத்தாள். அவனிடம் நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"அப்ப நெட் எப்ப சாவான், கிளெம்? நீ செத்தாத்தான் என் புருஷன் செத்தான்னு சொல்லுவாங்களா? அதுவரைக்கும் நான் திரைய இறக்கக் கூடாதா?"

கிளெம் தரையைப் பார்த்தான். "ஆபீசுக்கு வான்னா வரேன். ஆனா புத்தகத்த யாரு கேட்டாங்கன்னு கேப்பாங்க. என்ன சொல்லட்டும்?" என்றான். குத்திக்காட்ட அவன் கேட்கவில்லை. பயந்துபோய்க் கேட்டான்.

"நான்தான் கேட்டேன்னு சொல்லு."

மறுநாள் காலை இரண்டு பேரும் போனார்கள். கிளெம் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டிருந்தான். ஆபீஸ் குமாஸ்தா அந்த இரண்டு வாரத்தில் எல்லாவற்றையும் கேட்டு ஓய்ந்துபோன மனுஷன். திட்டவில்லை, மிரட்டவில்லை. இரண்டு பெயரையும் குறித்துக்கொண்டு, பேனாவோடு வெளியே வந்து, பலகையில் ஜெரம் என்ற பெயரை அடித்தான். கிளெம் தொப்பியைக் கழற்றிவிட்டு அவன் பின்னால் நின்றான்.

பலகைக்கு முன்னால் யார் நிற்பார்கள் என்று அவர்கள் யோசித்திருக்கவில்லை. மூன்று பேரில் ஒருவராவது யோசித்திருக்க வேண்டும்.

பலகைக்கு முன்னால் இன்னும் முப்பது நாற்பது பெண்கள் நின்றிருந்தார்கள். வீட்டில் இருக்க முடியாதவர்கள். செத்தவன் பெயர் அடிபடுவதைப் பார்த்தார்கள்; அந்தச் செத்தவன் படியில் நிற்பதையும் பார்த்தார்கள். உடனே மொத்தக் கூட்டமும் படியேறியது. வின்னி கிளெமின் சட்டைக் காலரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"கிளெம் உயிரோட இருக்கான்! பட்டியல் தப்பு! எங்காளு எங்க, கிளெம்? எந்தக் கப்பல்ல வந்தீங்க?"

அவள் அவன் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பின்னாலிருந்து ஆளாளுக்குப் பெயர்களைக் கூப்பிட்டார்கள், புருஷன் பெயர், மகன் பெயர். குமாஸ்தா கதவுக்குள் போய்விட்டான். ஹெஸ்டருக்கு ஓடிப்போகலாம் போலிருந்தது.

"பட்டியல் தப்பில்ல" என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னாள். "இவன் போகவே இல்ல. இவன் பேர்ல நெட் போனான். நான்தான் புத்தகத்த வாங்கிக் குடுத்தேன். மத்த பேரெல்லாம் சரியாத்தான் இருக்கு."

வின்னி காலரை விட்டாள். பிறகு கசங்கிய இடத்தை, பழக்க தோஷத்தில், கையால் நீவிவிட்டாள். கூட்டம் படியிறங்கியது.

அன்று நடுப்பகலில் ஹெஸ்டர் திரையை இறக்கினாள்.

அதற்கப்புறம் இருபத்தாறு வருஷம் வேலை செய்தாள். புத்தகம் வாங்கியதற்காகத் தெருவில் யாரும் அவளைப் பழிக்கவில்லை. வாங்காத வீடு ஏது? வின்னி மட்டும் பேச்சை நிறுத்திக்கொண்டாள். பெரிய விரிப்புகளை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு முனையைப் பிடித்து, நெருங்கி வந்து, விலகி, வருஷக்கணக்காக ஒரு வார்த்தை இல்லாமல் மடித்தார்கள். தலை நரைத்தபின் ஒருநாள், விரிப்பை நீட்டிப் பிடித்தபடியே வின்னி சொன்னாள்:

"அந்தப் படியில, ஒரு நிமிஷம், எங்காளு உயிரோட இருந்தான், ஹெஸ்டர்."

திட்டுகிறாளா, நன்றி சொல்கிறாளா என்று ஹெஸ்டருக்கு விளங்கவில்லை. கேட்கவும் இல்லை.

"தெரியும், வின்னி" என்றாள். "அந்த முனைய இழுத்துப் பிடி."