தூளில் வரைந்த ஆள்

மீட்டிங் அறையில் யாரோ தேயிலைப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். அந்த வாசனைக்கு நான் நினைவில் இடுக்கி எஸ்டேட் ஃபாக்டரியில் போய் நின்றேன்.

கொழுந்து உருட்டும் மிஷினில் அம்மாவுக்கு வேலை. ஒருநாள் சோற்றுத் தூக்கோடு நான் போனபோது, அம்மா மானேஜர் துரைக்கு முன்னால் குத்தவைத்து, தரையில் படிந்த தேயிலைத் தூளில் விரலால் வரைந்துகொண்டிருந்தாள். முந்தின வாரம் அம்மாவோடு வேலை பார்த்த செல்வி அக்காவின் முந்தானை மிஷினில் சிக்கியபோது, நிறுத்தும் சுவிட்ச் எந்தப் பெண்ணுக்கும் எட்டவில்லை. சேலை கிழிந்ததால் கை தப்பியது. அதைச் சொல்லிச் சொல்லி அம்மாவுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

படத்தில் பெரிய மிஷின், உச்சியில் சுவிட்ச், கீழே கையைத் தூக்கியபடி ஒரு குட்டி ஆள்.

"இது யாரு, இத்ர குள்ளமாயிட்டு?" என்று மலையாளம் கலந்து கேட்டுச் சிரித்தார் துரை.

"நாந்தான் தொர. நான் ஒண்ணும் குள்ளமில்ல. சுவிச்சத்தான் ஒசரத்துல வச்சிருக்கீக."

துரையின் சிரிப்பு நின்றது. மறுநாளே சுவிட்ச் கீழே இறங்கியது.

இங்கே மீட்டிங் அறைப் பலகையில் எங்கள் கம்பெனி செய்யப்போகும் புது மிஷினை வரைந்து முடித்திருந்தார்கள். அழகான படம்தான், அதில் ஆளே இல்லை. மார்க்கரை வாங்கி, மிஷின் பக்கத்தில் கை தூக்கிய ஒருத்தியை வரைந்தேன்.

"யாரு மேடம் இது?"

"எங்கம்மா. மொதல்ல இவங்களுக்கு எட்டுதான்னு பாருங்க."