சி வரும் இடத்தில் கை எடுக்க வேண்டும்

எங்கள் குடும்பத்தில் மாப்பிள்ளைகள் மூன்று பேர். அண்ணன் மகளைக் கட்டியவர் கப்பல் மாப்பிள்ளை. என் மகளைக் கட்டியவர் கணக்கு மாப்பிள்ளை. அக்கா மகளைக் கட்டியவர் லிஃப்ட் மாப்பிள்ளை. கப்பல்காரர் வருஷத்துக்கு ஒரு தரம் தலை காட்டுவார். கணக்குக்காரர் வந்தாலும் வாய் திறக்க மாட்டார். சொல்வதற்கு விஷயம் இருப்பது லிஃப்ட் மாப்பிள்ளையிடம்தான்.

அவருக்கு வேலை லிஃப்ட் பழுது பார்ப்பது. முப்பது வருஷமாக அதே வேலை. அக்கா முதலில் பெண் கொடுக்கவே மாட்டேன் என்றாள். "கயித்துல தொங்கற வேலை. காலையில போனவன் சாயங்காலம் வருவான்னு என்ன நிச்சயம்?" என்றாள். மகள் பிடித்த பிடியை விடவில்லை; கல்யாணம் நடந்தது. அதற்குப் பிறகு அக்கா மாப்பிள்ளையோடு நேராகப் பேசுவதை நிறுத்திக்கொண்டாள். அத்தான் போன பிறகு அவர்கள் வீட்டோடுதான் இருந்தாள். ஆனாலும் பேச்சு மகள் வழியாகத்தான். அவர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். "அவர்கிட்ட சொல்லு, சாப்பாடு ஆறுதுன்னு" என்பாள். அவரும் சளைக்காமல், "அத்தைகிட்ட சொல்லு, அஞ்சு நிமிஷம்னு" என்பார். நடுவில் என் அக்கா மகள் தபால் பெட்டி மாதிரி நிற்பாள்.

அவர் தொழிலில் ஒரு விஷயம் சொல்வார். லிஃப்டைத் தூக்குவது ஒரு கயிறு இல்லை, ஐந்தாறு இரும்புக் கயிறுகள். எல்லாம் ஒரே இறுக்கத்தில் இருக்க வேண்டும். ஒன்று தொய்ந்தால் அதன் பாரத்தையும் சேர்த்துச் சுமந்து மற்றவை தேயும். உள்ளங்கையால் ஒவ்வொன்றாகத் தட்டி, அது அதிர்வதை வைத்தே எது தொய்வு என்று சொல்லிவிடுவார். இன்னொன்றும் சொல்வார். யாராவது லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டால் கத்துகிறவரைப் பற்றிக் கவலைப்பட மாட்டார். கதவுக்கு வெளியே நின்று, "உள்ளே பேசாம இருக்கறது யாரு?" என்றுதான் முதலில் கேட்பார். பேசாமல் இருப்பவருக்குத்தான் மூச்சு முட்டும் என்பார்.

யுகுலேலே வந்த கதை இது. அவர் வேலை பார்த்த ஒரு கட்டடத்தில் யாரோ வீடு மாறிப் போகும்போது குப்பையோடு குப்பையாக ஒரு குட்டி வாத்தியத்தைக் கீழே போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அதுதான் யுகுலேலே; பார்க்க கிட்டாரின் கைக்குழந்தை மாதிரி இருந்தது. இருக்க வேண்டிய நான்கு தந்திகளில் இரண்டைக் காணோம். மனுஷர் அதை எடுத்து வந்து துடைத்து, மீன் பிடிக்கிற தூண்டில் நரம்பை வாங்கி நான்கும் கட்டிவிட்டார். அக்கா தன் மகளைப் பார்த்து, "அவர்கிட்ட சொல்லு, வீட்டுல இருக்கற சத்தம் போதும்னு" என்றாள். அவர் கேட்கவில்லை. காலையும் மாலையும் டிங் டிங் என்று தட்டி, இறுக்கி, தளர்த்தி, தானாகவே ஒரு வழிக்குக் கொண்டுவந்தார்.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவர்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், குழந்தை வண்டியும் சைக்கிளும் நிறுத்துகிற அறையில், சனிக்கிழமை நாலு மணிக்கு யுகுலேலே வாசிக்க ஒரு கூட்டம் கூட ஆரம்பித்தது. கதவில் மாப்பிள்ளை ஒரு காகிதம் ஒட்டியிருந்தார். 'தெரிந்தவர்கள் வரலாம். தெரியாதவர்கள் கட்டாயம் வரலாம்.' முதல் வாரம் மூன்று பேர். பிறகு பதின்மூன்று. தெருமுனைப் பல் டாக்டரம்மா வந்தார். பத்து வயதிலிருந்து கிட்டார் வாசித்தவர், விரல் மின்னல். எங்கள் தபால்காரர் வந்தார். பாட்டெல்லாம் நன்றாகக் கட்டுவார், ஆனால் எந்தப் பாட்டையும் எல்லோரும் முடித்து ஒரு தட்டு கழித்துத்தான் முடிப்பார். மற்றவர்கள் ரொட்டிக் கடை, பள்ளிக்கூடம், சும்மா வீட்டில் இருப்பவர்கள் என்று பல தினுசு.

அக்கா போனது வாசிக்க இல்லை. ஒரு நாள் பிளாஸ்கில் தேநீர் கொண்டு போனாள். வாத்தியங்களைச் சைக்கிள் மேல் சாய்த்து வைத்திருந்ததைப் பார்த்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை. முப்பத்தோரு வருஷம் சட்டை ஃபாக்டரியில் காலர் தைத்தவள். அந்த மாதமே, மாப்பிள்ளையின் பழைய வாத்தியத்தையும் சேர்த்துப் பதினான்குக்கும் உள்ளே பஞ்சு வைத்துப் பதினான்கு துணிப்பை தைத்தாள். பை கொடுத்தவளுக்கு ஒரு நாற்காலி கொடுத்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்தவள் கையில் மாப்பிள்ளை தன் முதல் வாத்தியத்தை வைத்தார், அந்தத் தூண்டில் நரம்பு கட்டியதை.

விரல்களைத் தந்தி மேல் ஒரு விதமாக வைத்து நான்கையும் சேர்த்து மீட்டினால் வருவதற்குக் கார்ட் என்று பெயராம். அக்காவுக்கு இடது கை ஆள்காட்டி விரல் மடங்காது. ஃபாக்டரியில் ஊசி ஏறிய விரல். அதனால் மாப்பிள்ளை அவளுக்கு 'சி' என்கிற கார்டைச் சொல்லிக் கொடுத்தார். அதற்கு மோதிர விரல் ஒன்றே போதும். கடைசித் தந்தியில் மூன்றாவது கட்டத்தில் வைக்க வேண்டியது, மீட்ட வேண்டியது. மற்ற கார்டுகள் வரும்போது சும்மா இருக்கலாம்.

நான்கு வாரம் கழித்து மாப்பிள்ளை குனிந்து பார்த்துவிட்டு, "அத்தை, கை ஆடுது, தந்தி ஆடலையே?" என்றார்.

அக்கா காற்றில்தான் மீட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். பிடிபட்ட கோபத்தில் மகள் பக்கத்தில் இல்லை என்பதையே மறந்துவிட்டாள். "இத்தனை பேர் போடற சத்தத்துல என்னோடது எனக்கே கேக்கல மாப்பிள்ளை. கேக்காததை எதுக்கு அடிக்கணும்?"

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அவரிடம் நேராகப் பேசியது அதுதான் முதல்.

அன்றைக்கே அவர் ஒரு சட்டம் போட்டார். பாட்டில் சி வரும் இடத்தில் தெரிந்தவர்கள் எல்லோரும் கை எடுத்து, உள்ளங்கையைத் தந்தி மேல் சாய்த்துச் சத்தத்தை நிறுத்த வேண்டும். அந்த இடம் ஒற்றை விரல்காரர்களுக்கு. அப்போது அக்காவையும் சேர்த்து ஆறு பேர் அப்படி இருந்தார்கள். "அவங்க சத்தம் அவங்களுக்குக் கேக்கட்டும்" என்றார். டாக்டரம்மாவுக்கு முதலில் கசந்தது. பிறகு பழகிவிட்டது. இரண்டு வருஷம் அப்படியே வாசித்தார்கள். எங்கள் அக்காவும் சனிக்கிழமை நாலு மணி முதல் ஆறு மணி வரை மாப்பிள்ளையிடம் நேராகப் பேசுவாள். "மாப்பிள்ளை, சி வருது, எல்லாரையும் கை எடுக்கச் சொல்லுங்க" என்று அதட்டுவாள். படியேறி வீட்டுக்குள் போனால் மறுபடியும் மகள்தான் தபால் பெட்டி. வாரத்தில் அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் அவள் மற்ற நாட்களைத் தள்ளினாள் என்பது எனக்குத் தெரியும்.

இப்படி இருக்கும்போது நூலகத்தில் புதிய படிப்பறை திறந்தார்கள். திறப்பு அன்று ஒரு பாட்டு வாசிக்கச் சொல்லி நூலகர் வந்து கேட்டார். "மேடை சின்னது. ஆறு நாற்காலிதான் பிடிக்கும்" என்றும் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை டாக்டரம்மா சொன்னார், "ஆறு பேர்னா நல்லா வாசிக்கற ஆறு பேர் போகலாம். வெளியில வாசிக்கறது முதல் தடவை. சொதப்பினா அப்புறம் யாரும் கூப்பிட மாட்டாங்க." அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, சொத்தைப் பல்லையும் அப்படித்தான் பட்டென்று சொல்லுவார். நாலு பேர் தலையாட்டினார்கள். மாப்பிள்ளை யோசித்தார், பிறகு அவரும் தலையாட்டினார். உள்ளே பேசாமல் இருப்பது யார் என்று அன்றைக்கு அவர் கேட்கவில்லை.

பேசாமல் இருந்தது என் அக்கா.

மறுநாள் நான் போயிருந்தபோது மாப்பிள்ளை மேஜையில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார். அக்கா தன் மகளைப் பார்த்துச் சொன்னாள், "அவர்கிட்ட சொல்லு, அவரோட வாத்தியத்தைத் திருப்பிக் குடுத்துடறேன்னு. என் விரலுக்கு வேற வேலை இருக்கு."

அவர் கையில் இருந்த ரொட்டி அப்படியே நின்றது. "அத்தைகிட்ட சொல்லு..." என்று ஆரம்பித்தார். பாதியில் விட்டுவிட்டு ரொட்டியைத் தட்டில் வைத்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் அந்த ஆறு பேருக்கு ஒத்திகை. எல்லோர் முன்னாலும்தான் திருப்பிக் கொடுப்பேன் என்று அக்கா பிடிவாதம் பிடித்தாள். துணைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். வாத்தியத்தைப் பைக்குள் போட்டு, நாடாவை இரண்டு முடிச்சுப் போட்டிருந்தாள். நாங்கள் கதவருகே குழந்தை வண்டிகளுக்கு நடுவில் நின்றோம். "முடியட்டும், அப்புறம் குடுக்கறேன்" என்றாள். கோபத்திலும் மரியாதை தெரிந்தவள்.

தபால்காரர் தன் தெருக்களைப் பற்றிக் கட்டிய பாட்டு அது. டாக்டரம்மா, "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று எண்ணினார்.

ஒரு சத்தமும் வரவில்லை. ஆறு பேரும் உள்ளங்கையைத் தந்தி மேல் சாய்த்துக்கொண்டு, பூனை மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏன் யாரும் ஆரம்பிக்கல?" என்றார் டாக்டரம்மா.

"நீங்களும்தான் ஆரம்பிக்கல" என்றார் தபால்காரர்.

பாட்டு ஆரம்பிப்பது சி-யில். இரண்டு வருஷமாக அங்கே கை எடுத்துப் பழகியவர்கள், அன்றைக்கும் எடுத்துவிட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள். "சரி, இந்தத் தடவை நாமளே அடிக்கணும். ஞாபகம் வச்சுக்குங்க." என்று டாக்டரம்மா மறுபடி எண்ணினார். ஆரம்பம் சரியாக வந்தது. இரண்டாவது வரி முடிவில் மறுபடியும் சி. ஆறு கையும் தானாகப் போய்த் தந்தியை மூடின. இருட்டில் இல்லாத படியில் கால் வைத்த மாதிரி பாட்டு சடக்கென்று விழுந்தது.

மூன்றாவது தடவை டாக்டரம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சி-யை அடித்தார். மற்ற ஐந்து பேர் மூடினார்கள். தான் தனியாகச் சத்தம் போடுகிறோம் என்று பயந்து அவரும் மூடிவிட்டார்.

"என் கை என் பேச்சைக் கேக்கல" என்றார், ரொம்ப ஆச்சரியப்பட்டு.

நாலாவது தடவை ஆரம்பித்தார்கள். என் பக்கத்தில் அக்கா முணுமுணுத்தாள், "ச்சே, கேக்கச் சகிக்கல." நாடாவைப் பிடித்து இழுத்தாள். இரண்டு முடிச்சு, அவசரத்துக்கு அவிழவில்லை. பல்லால் கடித்தாள். வாத்தியத்தை வெளியே எடுத்து, பையை என் தோளில் போட்டு, ஒரு குழந்தை வண்டியின் விளிம்பில் உட்கார்ந்து மோதிர விரலை வைத்தாள். இரண்டாவது வரி முடிவு வந்தது, ஆறு கையும் மூடின, அந்த இடத்தில் கதவருகிலிருந்து தூண்டில் நரம்பின் சத்தம் கணீரென்று வந்தது.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன பாக்கறீங்க? அடுத்தது உங்களோடது. போங்க, போங்க!" என்றாள் அக்கா.

போனார்கள். ஒவ்வொரு சி-யும் அக்கா ஒருத்தியே அடித்தாள். பாட்டு முடிந்து, தபால்காரரும் ஒரு தட்டு கழித்து முடித்தார்.

மாப்பிள்ளை எழுந்து வந்து அந்த வண்டி பக்கத்தில் நின்றார். "பேசாம இருக்கறது யாருன்னு அன்னிக்கு நான் கேக்கல, அத்தை. தப்பு."

"கேட்டிருந்தா மட்டும் சொல்லியிருப்பேனாக்கும்" என்றாள் அக்கா. வாத்தியத்தை அவரிடம் நீட்டி, "மாப்பிள்ளை, மூணாவது தந்தி தொய்ஞ்சிருக்கு. பையிலேயே கிடந்ததுல்ல, பாருங்க" என்றாள்.

அவர் வாங்கி, ஒவ்வொரு தந்தியாகத் தட்டிப் பார்த்து, ஒன்றை மட்டும் அரைத் திருகு திருகிக் கொடுத்தார்.

டாக்டரம்மா அதற்குள் யோசித்துவிட்டார். "ஆறு நாற்காலிதானே பிடிக்கும்னாங்க? நாற்காலியை எடுத்துட்டா பதினாலு பேர் நிக்கலாமே."

"நான் முப்பது வருஷமா நடந்துக்கிட்டே இருக்கேன். நிக்கறது எனக்கு ஓய்வு" என்றார் தபால்காரர்.

"எனக்கு முட்டி வலி. நான் நிக்க மாட்டேன்" என்றாள் அக்கா.

திறப்பு நாளில் மேடையில் ஒரே ஒரு நாற்காலி இருந்தது. அதில் என் அக்கா. சுற்றிலும் பதின்மூன்று பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். ரொட்டிக் கடைக்காரரின் ஒரு கால் படியில் இருந்தது. பாட்டு பிரமாதம் என்று சொன்னால் பொய். நடுவில் ஒரு இடத்தில் தடுக்கி எழுந்தது. ஆனால் சி வந்தபோதெல்லாம் எட்டு பேர் கை எடுத்தார்கள், ஆறு பேர் மீட்டினார்கள், கூட்டம் எதற்கு அப்படி என்று தெரியாமலே கழுத்தை நீட்டிக் கேட்டது. கடைசியில் தபால்காரர் தனியாக ஒரு தட்டு தட்டியபோது சிரிப்பும் கைதட்டலும் சேர்ந்து வந்தன. என் அக்கா மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சித்தி, இனிமே நான் தபால் பெட்டியா இருக்க வேண்டாம் போலிருக்கு" என்றாள்.

அவள் வாக்கு பலித்தது. அன்று வீட்டுக்கு வந்ததும் அக்கா, "மாப்பிள்ளை, காலைக் கழுவிட்டு வாங்க, சாப்பாடு ஆறுது" என்று நேராகவே சொன்னாள். இப்போது இரண்டு பேரும் பேசுகிற பேச்சில் வீட்டில் மற்றவர்களுக்கு வாய் திறக்க இடமில்லை.

போன மாதம் மாப்பிள்ளை அக்காவுக்கு இன்னொரு கார்ட் சொல்லிக் கொடுக்கப் பார்த்தார். ஏ மைனர் என்று பெயர்; அதுவும் ஒற்றை விரல்தான், மேல் தந்தியில்.

"வேண்டாம் மாப்பிள்ளை. நான் அதுக்குப் போயிட்டா சி-க்கு யாரு இருக்கா?"

"இன்னும் அஞ்சு பேர் இருக்காங்களே அத்தை."

"அவங்களை நம்பிப் பாட்டை விட முடியுமா? ஆள் வேணும்னா இதோ, சும்மாதானே உக்காந்திருக்கா" என்று என்னைக் கை காட்டினாள்.

அப்படித்தான் நானும் ஏ மைனருக்குச் சேர்ந்தேன். கொஞ்சம் சோகமான சத்தம் அது, அழுவதற்கு முன்னால் மூக்கை உறிஞ்சுகிற மாதிரி. எனக்கு ஏன் இதைக் கொடுத்தீர்கள் என்று மாப்பிள்ளையைக் கேட்டேன். அவர் பதில் சொல்வதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"உன் மூஞ்சிக்கு அதுதான்டி பொருத்தம். சரி சரி, சி வருது, கையை எடு."