மழையில் தள்ளிய லொறி

தலவாக்கலையில் விடாத புயல்மழை, மலை சரிந்துகொண்டிருந்தது. அவசரகாலச் சட்டப்படி அரசாங்கம் லொறிகளை எடுக்கிறது என்று கேள்விப்பட்டதும், என் லொறி எஞ்சினில் ஒரு சின்னப் பாகத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். வந்த பொலிஸ்காரர் ஸ்டார்ட் செய்து பார்த்தார்; ஓடவில்லை என்றதும் போய்விட்டார்.

சற்று நேரத்தில், குடியிருந்த லயம் வீடுகள் மண்ணில் புதைந்துபோன தேயிலைத் தோட்டத்துச் சனங்கள் பிள்ளைகளைச் சுமந்தபடி நடந்து வந்தார்கள். அவர்களை ஏற்றத்தான் அரசாங்கம் லொறி கேட்டிருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

அவர்களில் ஒருவர் என் லொறியருகே நின்றார். வண்டி பழுது என்றேன். "அண்ணே, மேல மண்ணு வெடிச்சிருக்குங்க. வண்டி பொதைஞ்சிரும். நாங்க தள்ளி விடுறோம்."

பிள்ளைகளை இறக்கிவிட்டு, சேற்றில் வழுக்கி வழுக்கித் தள்ளினார்கள். நான் நனையாமல் உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தேன்.

"சீக்கிரம் ரிப்பேர் பாருங்கண்ணே" என்றார் அவர்.

பாகத்தை மாட்டினால் எல்லோரையும் ஏற்றலாம்; என் பொய்யும் வெளியே வந்துவிடும். அந்த வெட்கத்துக்குப் பயந்து அவர்களை நடக்கவிட்டேன். அதே வெட்கம் இன்றுவரை என்னைவிட்டுப் போகவில்லை.