விடியக் காலமை வந்த கொழும்புக்காரர்

நான் லொறி ஓடியவன். எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகியதோடு பள்ளிக்கூடம் எனக்குப் போதும் என்றாகிவிட்டது. இதையும் நான் சொல்லச் சொல்ல மகள்தான் தட்டுகிறாள். நான் 'வாறன்' என்றால் அவள் 'வருகிறேன்' என்று அடிக்கிறாள். ஆட்கள் கதைத்ததை மட்டும் அப்படியே விடச் சொல்லியிருக்கிறேன்.

என் லொறிக் கதைகளுக்கு ஒரு சின்ன இணையத்தளம் செய்ததும் அவள்தான். நாலைந்து பக்கங்கள், சில பழைய படங்கள், அவ்வளவுதான். தளம் அவளுடைய பேரில் பதிந்திருக்கிறது. அதில் ஒன்று பூசணிக்காய்க் கதை. சண்டை நடந்து, பற்றறி கொண்டுவரத் தடை இருந்த காலத்தில், வவுனியாப் பக்கமிருந்து மரக்கறி ஏற்றி வரும்போது, ஒரு பூசணிக்காயில் துண்டு வெட்டி, உள்ளே நாலு றேடியோப் பற்றறியை வைத்து, வெட்டிய துண்டால் மூடிச் சேறு பூசிக் கொண்டுவந்தேன். சென்றியில் சோதனைக்கு நின்ற ஆமிக்காரர் அதே காயைத்தான் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, வைத்துவிட்டார். வீட்டுக்கு வந்து வெட்டியபோது என் மனைவி சிரித்த சிரிப்பு இருக்கிறதே! பற்றறியெல்லாம் பூசணி விதை ஒட்டிக்கொண்டு கிடந்தது. கழுவித் துடைத்துப் போட்டோம், றேடியோ பாடியது.

அந்தப் பக்கத்தில் என் மனைவியுடைய படமும் இருக்கிறது. கலியாண வீடொன்றுக்கு வந்த படப்பிடிப்பாளர் சுருளில் ஒரு படம் மிச்சம் என்று சொல்லி, லொறியோடு சாய்ந்து சிரித்துக்கொண்டு நின்ற அவளை எடுத்தார். எங்கே விட்டேன்? இணையத்தளம்.

கதைகளைப் போட்டுக் கனகாலமாகியும் ஒருவரும் ஒரு சொல் எழுதவில்லை.

"ஆராவது பாக்கினமோ பிள்ளை, இல்லாட்டி நான் சுவரோடை கதைக்கிறனோ?" என்று கேட்டேன்.

"அதைப் பாக்கலாம் அப்பா. ஆள் ஆரெண்டு சொல்லாது. எந்த ஊரிலையிருந்து, எந்தப் பக்கத்தை, எவ்வளவு நேரம் பாத்தவை எண்டு சொல்லும்."

அவள் எங்கிருந்தோ ஒரு சின்னத் துண்டு எழுத்தை எடுத்து, தளத்தின் தலைப்பக்கம் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டினாள். சாமான் களஞ்சிய வாசலில் ஒரு காவல்காரர் நிற்பாரே, எந்த லொறி எந்த ஊரிலிருந்து வந்தது என்று குறித்துக்கொண்டு, அதுபோலத்தான் என்று விளங்கிக்கொண்டேன். அப்படிக் காவல் நின்ற ஒருவர் என் லொறியை ஹோன் சத்தத்திலேயே கண்டுபிடிப்பார். அது வேறு கதை.

சில நாள் கழித்து, தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது மகள் மடிக்கணினியைத் திறந்து சந்தோசமாக வாசித்தாள்.

"கனடாவிலை ரெண்டு மூண்டு பேர். நோர்வேயிலை ஒராள். அப்பா, இஞ்சை பாருங்கோ! கொழும்பிலையிருந்து ஒராள் ஒவ்வொரு நாளும் விடியக் காலமை வாறார். பூசணிக்காய்ப் பக்கத்தை மட்டும்தான் பாக்கிறார். கனநேரம் நிக்கிறார்."

நான் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டேன்.

வேறு ஊர்க்காரருக்கு இது நல்ல செய்தியாக இருந்திருக்கும். கதை பிடித்துப்போய்த் திரும்பத் திரும்ப வாசிக்கிறார் என்று நினைத்திருப்பார்கள். எங்கள் ஊர் அரியாலையில் என் வயதுக்காரர் எவரும் அப்படி நினைக்கமாட்டார்கள். கொழும்பிலிருந்து ஒருவர், தினமும், ஒரே இடத்தை, உற்றுப் பார்க்கிறார் என்றால் எங்களுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான்: புலனாய்வுக்காரர்.

அன்றே கேற்றுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டினேன். ஒழுங்கையில் வாகனம் வந்தால் எழும்பிப் போய் மதிலால் எட்டிப் பார்த்தேன். கடல்நீரேரிக் காற்றில் வாழைச்சருகு உரசினாலும் யாரோ நடப்பதுபோல இருந்தது. எனக்கு வயது போய்விட்டது, என்னை என்ன செய்வார்கள்? தளம் மகளின் பேரில் அல்லவா இருக்கிறது. கேட்டு வந்தால் அவளைத்தான் கேட்பார்கள்.

"அந்தப் பக்கத்தைத் தூக்கிப்போடு பிள்ளை."

"உந்தப் பூசணிக்காய் உக்கி மண்ணாகி எவ்வளவு காலம்! அதைத் தேடி ஜீப்பிலை வரப்போகினமே?"

"உனக்குத் தெரியாது. நீ அப்ப சின்னப்பிள்ளை. உன்னை வாசல்லை மறிச்சு ஒரு கேள்வி கேட்டாலே எனக்குச் சீவன் போயிடும்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பகிடி பண்ணவில்லை.

"சரியப்பா. நாளைக்கு வேலைக்குப் போக முதல் எடுத்துவிடுறன்."

மறுநாள் விடிய அவள் குசினி மேசையில் மடிக்கணினியோடு இருந்தாள். நான் தேத்தண்ணியோடு கிணற்றுக் கட்டில் போய் இருந்தேன். பக்கம் போகப்போகிறது, கடைசியாக ஒருதரம் பார்ப்போமே என்று போனை எடுத்தேன். பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்திருப்பேன்.

"அப்பா! ஓடி வாங்கோ! கொழும்புக்காரர் வந்திட்டார்! இப்ப உள்ளுக்கை நிக்கிறார்!"

போனை மூடிச் சாரத்து மடியில் செருகிக்கொண்டு உள்ளே போனேன்.

"சீ, போயிட்டார்! நீங்கள் வர அவர் போயிட்டார்" என்றவள், என் இடுப்பைப் பார்த்தாள். "மடியிலை என்ன?"

"போன்."

"என்ன பாத்துக்கொண்டிருந்தனியள்?"

"ஒண்டுமில்லை."

"எடுங்கோ. முதல் பாத்ததைத் திரும்பத் திறங்கோ."

திறந்தேன். கொஞ்சம் பொறுத்து மடிக்கணினியில் ஒரு ஆள் என்று விழுந்தது. கொழும்பு.

"மூடுங்கோ."

மூடினேன். கொழும்புக்காரர் போய்விட்டார்.

"திறங்கோ."

வந்துவிட்டார்.

மகள் மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். "அப்பா, உங்களை நீங்களே வேவு பாத்திருக்கிறியள்!"

"நான் அரியாலையிலை எல்லோ இருக்கிறன்! என்ரை கால் கொழும்பு மண்ணிலை பட்டு எத்தினை வருசம்!"

"எங்கடை போன்லைன் கொழும்பு வாசலாலைதான் வெளியிலை போகுதாம். இந்தச் சாமான் வாசலைத்தான் பாக்குது, வீட்டைப் பாக்கேல்லை. புத்தூரிலை ஆராவது திறந்தாலும் கொழும்பு எண்டுதான் காட்டும் போலை."

நான் கதிரையில் இருந்தேன். நெஞ்சுக்குள் ஏற்றி வைத்திருந்த பாரத்தை யாரோ இறக்கிவிட்டதுபோல் இருந்தது. அவளோடு சேர்ந்து நானும் சிரித்தேன், கண்ணால் தண்ணி வரும்வரை.

என் போனைக் கணக்கில் சேர்க்காமல் இருக்க ஏதோ செய்தாள். பிறகு கேட்டாள்:

"ஏனப்பா ஒவ்வொரு நாளும் உந்தப் பக்கம்?"

"கொம்மா சிரிக்கிற படம் வேறை இல்லையே பிள்ளை."

அவள் மடிக்கணினியை மூடினாள். "சொல்லியிருந்தா போன் முகப்பிலை போட்டு விட்டிருப்பனே."

"வேண்டாம். அங்கை போட்டா நேரம் பாக்க எடுத்தாலும் நிப்பா. எனக்குத் தேத்தண்ணியோடை பாத்தாப் போதும்."

பக்கம் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, போய்ச் சங்கிலியைக் கழற்றினேன். வெயில் ஏறும்போது மீன்காரர் மோட்டார்சைக்கிளோடு கிணற்றடிவரை வந்துவிட்டார்.

"என்ன ஐயா, சங்கிலியைக் காணேல்லை? திறப்புத் துலைஞ்சு போச்சோ?"

"இல்லை. ஆளைப் பிடிச்சாச்சு."

உள்ளே மகள் திரும்பவும் சிரிக்கத் தொடங்கினாள்.

"ஆர் ஐயா ஆள்?"

"அதை விடும். உந்தத் திரளியைக் காட்டும் பாப்பம்" என்றேன்.