நூற்றுப் பதின்மூன்றாவது ஆட்டுக்குட்டி

கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் தேயிலை ஃபெக்டரியில் பத்திநாதனுக்குப் பெட்டிகளுக்கு மார்க் போடும் வேலை. தகரத்தில் வெட்டிய அச்சைப் பலகைப் பெட்டியின் மேல் வைத்து, மையைத் தொட்டுத் தூரிகையால் குத்துவார். தோட்டத்தின் பேர், தேயிலையின் தரம், பெட்டியின் நம்பர். நம்பரைத் தவிர மற்றதெல்லாம் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்க வேண்டும். ஓரெழுத்து சாய்ந்தாலும் ஃபெக்டரிக்குப் பொறுப்பான டீ மேக்கர் தாம்தூம் என்று குதிப்பார். பதினேழு வருசம் ஒரே எழுத்தைக் குத்திக்கொண்டிருந்த மனிதர் ஓர் ஆட்டுக்குட்டிப் படத்துக்குப் பைத்தியமாகிப் போனார் என்றால் நம்புவீர்களா? அவர் சொன்னதையே ஒருவரும் நம்பவில்லை, அப்புறம் நான் சொல்வதை எங்கே நம்பப் போகிறீர்கள்! ஆனாலும் சொல்லத்தான் போகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டில், தோட்டத்துத் துரையின் பங்களாச் சுவரிலிருந்து ஒரு படம் விழுந்து சட்டம் உடைந்தது. பலகை வேலை தெரிந்தவர் என்று பத்திநாதனைத் துரைசாணி கூப்பிட்டனுப்பினாள். சட்டத்தைப் பிரித்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளே இருந்தது காகிதமே இல்லை. கண்ணாடிபோலத் தெளிந்த மெல்லிய தாள். முன்பக்கம் வழவழவென்று கறுப்புக் கோடுகள். பின்பக்கத்தில் வர்ணத்தை அப்பியிருந்தார்கள். சிவப்புக் குல்லா போட்ட ஆட்டுக்குட்டி ஒன்று ஓடையைத் தாண்டக் காலைத் தூக்கி நின்றது.

அந்தக் குட்டியை அவருக்குத் தெரியும்! போன மாதம்தான் ஹட்டன் தியேட்டரில், தமிழ்ப் படம் போடுவதற்கு முன்னால், பத்து நிமிசம் திரையில் துள்ளியது. அவரும் மனைவி சிசிலியும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அந்தக் குட்டி இங்கே, தன் கையில், அசையாமல் நிற்கிறதே!

“கவனம் பத்திநாதன், அது சினிமாவிலே ஓடின படம்தான்” என்றாள் துரைசாணி, தோட்டத்துத் தமிழில். “அமெரிக்காவிலே வாங்கினது. கையாலே போட்டது.”

“எது தொரசாணி கையால போட்டது? இந்த ஒன்னா?”

“எல்லாமே. ஒரு தாவலுக்கு இருபது முப்பது படம். ஒவ்வொன்னும் கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசம். பொம்பளைங்க வரிசையா உக்காந்து பெயின்ட் அடிப்பாங்க.”

பத்திநாதனுக்குத் தலை சுற்றியது. பத்து நிமிசத்துக்கு எத்தனை ஆட்டுக்குட்டி? தன் வேலையில் ஒன்றுகூட மாறக் கூடாது. அவர்கள் வேலையில் ஒன்றுகூட ஒன்றுபோல இருக்கக் கூடாது! அதுவும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத்தான் மாற வேண்டும். இப்படியும் ஒரு வேலையா என்று ரெண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

விழுந்ததில் குளம்போரம் வர்ணம் உதிர்ந்துவிட்டது. அந்த வருசக் கடைசியில் சீமைக்குப் புறப்பட்ட துரைசாணி, “இது பழுதாப் போச்சு, நீ வச்சிக்கோ” என்று அவரிடமே கொடுத்துவிட்டாள். கீழ் மூலையில் பொடி எழுத்தில் நூற்றுப் பன்னிரண்டு என்று நம்பர் இருந்தது. “இதுக்கு அடுத்தது, நூத்திப் பதிமூணு, என் சிநேகிதிகிட்டே இருக்கு. ரெண்டையும் ஒன்னு மேலே ஒன்னு வச்சுத் தூக்கித் தூக்கிப் பார்த்தா கால் அசையும்” என்றாள். சிநேகிதி எந்தத் தோட்டத்தில் இருக்கிறாள் என்று கேட்பதற்குள் கார் போய்விட்டது. கேட்காமல் விட்ட வாயைப் பத்திநாதன் அப்புறம் எத்தனை தடவை அறைந்துகொண்டாரோ!

தோட்டத்து ஆட்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்துக்கு வந்து சொன்னதும் ஒரே சிரிப்பு. “அண்ணே, காதுல பூ சுத்தாதீங்க” என்றான் பக்கத்துக் காம்பராவில் இருந்த வீரய்யா. “மெசினு ஓட்டுது, குட்டி ஓடுது. இத ஒக்காந்து வரைவாங்களாக்கும்!”

மற்றவர்கள் சிரித்தால் போகட்டும். சிசிலி சிரித்ததுதான் அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

“வரிசையா ஒக்காந்து பொம்பளைங்க ஆட்டுக்குட்டிக்குப் பெயின்ட் அடிக்கிறாங்களாம்!” என்று கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துக்கொண்டே சிரித்தாள். “அவளுகளுக்கு வேற பொழப்பு இல்லியா? தொரசாணி வெளையாட்டுக்குச் சொல்லியிருப்பா. நீங்களும் நம்பிட்டு வந்துட்டீங்களே, மாதாவே!”

“அடுத்த நம்பர் கெடைக்கட்டும். ஒங் கண்ணாலயே பாரு.”

“கெடைக்கட்டும், பார்ப்போம்.”

அன்றைக்குப் பிடித்தது பீடை. அடுத்த நம்பரைக் கொண்டுவந்து சிசிலியின் கண் முன்னால் அந்தக் காலை ஆட்டிக் காட்ட வேண்டும். ஒன்பது வருசம் அவருக்கு வேறு ஆசையே கிடையாது. வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறிய காலம் அது. எந்தப் பங்களா காலியாகிறது என்று கேள்விப்பட்டாலும் பத்திநாதன் அங்கே போய் நிற்பார். உடைந்த தேயிலைப் பெட்டிப் பலகையில் முக்காலி செய்து தூக்கிக்கொண்டு போவார்; பங்களா வேலைக்காரருக்கு அதைக் கொடுத்துவிட்டு, “கண்ணாடித் தாளுல வரைஞ்ச படம் ஏதும் கெடக்கா?” என்று கேட்பார். பத்துப் பங்களாவில் ஒன்பது கையை விரித்தது. இருந்தும் நாலு தாள் சேர்ந்தது: குடை பிடித்த தவளை, கொட்டாவி விடும் பூனை, பாதி மட்டும் இருந்த ஒரு குதிரை, யாரென்றே தெரியாத கிழவன். எல்லாவற்றையும் பழைய வேட்டித் துணி வைத்து அடுக்கிப் பெட்டியில் பூட்டி வைத்தார். நூற்றுப் பதின்மூன்று மட்டும் இல்லை. “முக்காலியெல்லாம் ஊருக்கு, மூக்கறுப்பு நமக்கு” என்று சிசிலி முணுமுணுத்தாள்.

அறுபத்திரண்டு பிறந்த முதல் கிழமை, பெட்டிப் பலகை கொண்டுவந்த லொறிக்காரர் பேச்சோடு பேச்சாக ஒன்றைச் சொன்னார். றொசல்லப் பக்கத்துப் பங்களாவில் சமையல் செய்யும் அழகுமுத்துவின் வீட்டில், அந்தப் பங்களாவின் பழைய துரைசாணி விட்டுப் போன சாமான்களுக்குள், சிவப்புக் குல்லா போட்ட ஆட்டுக்குட்டி ஒன்று கண்ணாடித் தாளில் இருந்ததாம்.

பத்திநாதன் கையிலிருந்த தூரிகை நழுவியது. வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு பெட்டியின் மார்க் கோணலாகப் போயிற்று. டீ மேக்கர் குதித்தது அவர் காதில் விழவே இல்லை.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசையைக்கூட விட்டுவிட்டு, நானுஓயாவில் ரயிலேறினார். பையில் நூற்றுப் பன்னிரண்டு. கக்கத்தில் ஒரு முக்காலி.

அழகுமுத்து பங்களாவில் இருந்தார். வீட்டில் அவர் மனைவி மீனம்மா மட்டும்தான். விசயத்தைச் சொன்னதும், “அந்தத் தாளா அண்ணே? உள்ளதான் இருக்கு, வந்து பாருங்க” என்று மலர்ந்த முகத்தோடு கூட்டிப் போனாள். சுண்ணாம்பு மணம் மாறாத சுவர். அதில் ஒரு முருகன் படம். படத்தின் மேல் புகை படியாதிருக்கக் கண்ணாடிபோல ஒரு தாள்.

பத்திநாதன் கிட்டப் போனார். குல்லாவில் சிவப்பைக் காணோம்.

“போன கெழமைதான் பொங்கலுக்கு வீட்டத் தொடச்சோம்” என்றாள் மீனம்மா பெருமையாக. “முன்பக்கம் வழுவழுன்னுதான் இருந்துச்சு. பின்பக்கம்தான் பெயின்ட்ட அப்பி அசிங்கமாக் கெடந்துச்சு. சாம்பலும் தேங்கா நாரும் போட்டுத் தேச்சேன் பாருங்க, பளிங்கு மாதிரி ஆயிருச்சு! முன்னாடி கோடு மட்டும் லேசாத் தெரியும். தெரிஞ்சிட்டுப் போகுது, முருகனுக்கு ஒரு ஆட்டுக்குட்டி தொணைக்கு இருக்கட்டுமே.”

“அடிப் பாவி!” வாய் தவறி வந்துவிட்டது. பத்திநாதன் கொண்டுவந்த முக்காலியில் தானே பொத்தென்று உட்கார்ந்தார். ஒன்பது வருசம்! ஒரே ஒரு கிழமை முந்தியிருந்தால்! தலையில் கை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். மீனம்மா வெலவெலத்துப் போனாள். “அண்ணே, என்னாண்ணே, நான் என்னா செஞ்சுட்டேன்?” என்று தாளைக் கழற்றி அவர் மடியில் வைத்தாள்.

மூலையில் பொடி எழுத்து. நூற்றுப் பதின்மூன்று.

அவர் பையிலிருந்து தன் தாளை எடுத்தார். எதற்கு எடுத்தார் என்று அவருக்கே தெரியாது. வெளிச்சத்துக்காகச் சன்னலோரம் போய், நூற்றுப் பன்னிரண்டின் மேல் கோடுகள் மட்டும் மிஞ்சிய தாளை வைத்தார். ஓரம் பொருந்தியது. மேல் தாளைத் தூக்கினார், வைத்தார். தூக்கினார், வைத்தார்.

குட்டி காலை உதறியது.

ஒரு நெல்லளவுதான். ஆனால் உதறியது! பத்திநாதனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒன்பது வருசம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாரே தவிர, அவரும் இதைக் கண்டதில்லை. துரைசாணி ஏமாற்றிவிட்டாளோ என்று சில நாள் அவருக்கே சந்தேகம் வந்ததுண்டு.

“முருகா!” மீனம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். “அசையுதுண்ணே! உசுரு இருக்குண்ணே! இன்னொருக்கா, இன்னொருக்கா!”

“எல்லாம் கையால வரைஞ்சது தங்கச்சி. ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு படம். ஒன்ன மாதிரிப் பொம்பளைங்க ஒக்காந்து...”

“ஐயையோ, எவளோ ஒருத்தி ஒக்காந்து பூசுனதையா நான் நாரு போட்டுத் தேச்சேன்!” அவள் கண்ணில் பொலபொலவென்று கொட்டியது. அவர் சொன்னதை, ஒரு கேள்வி கேட்காமல், அப்படியே நம்பிய முதல் ஆள் அவள்தான்.

இனித் தாளைச் சுருட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதானே என்று நினைப்பீர்கள். அவரும் அப்படித்தான் நினைத்தார். கேட்டார். மீனம்மா சட்டென்று தாளை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“கோவிச்சிக்காதீங்கண்ணே. இனி இத நான் குடுக்க மாட்டேன்.”

“ஒரு தரம் வீட்டுல காட்டிட்டுக் கொண்டாந்து தாறேன் தங்கச்சி.”

“கொண்டு போனா வராதுண்ணே. நானா இருந்தாலும் கொண்டாந்து தர மாட்டேன்.”

கெஞ்சிப் பார்த்தார். அவள் அசையவில்லை. சாயங்கால ரயிலுக்கு நேரமாயிற்று.

பொழுது சாய்ந்து லயத்துக்கு வந்து சேர்ந்தவரைக் கண்டதும் சிசிலி அடுப்படியிலிருந்து எழுந்தாள். “என்னாங்க, கெடச்சிச்சா?”

“கெடச்சிச்சு. அசைஞ்சிச்சு. ரெண்டு கண்ணால பார்த்தேன்.”

“அப்ப காட்டுங்க!”

பத்திநாதன் பையைக் கவிழ்த்துக் காட்டினார். ஒன்றுமில்லை. றொசல்ல ஸ்டேசன் மேடையில் அவரே அந்தப் பையைத் தொட்டுப் பார்த்துத் திகைத்து நின்றவர்தான். நாம் என்ன காரியம் செய்தோம்!

“அவ குடுக்கல. ஒன்னத் தனியாப் பிரிச்சா ரெண்டுமே செத்துப் போயிரும் சிசிலி. என்னுதயும் அங்கயே வச்சிட்டு வந்துட்டேன்.”

தீ விபத்து என்றால்கூட அந்தப் பெட்டியைத்தான் இந்த மனிதர் முதலில் தூக்குவார் என்று சிசிலிக்குத் தெரியும். “ஒம்பது வருசமா வச்சிருந்ததையா? யாரோ ஒருத்திக்கா?”

“அவ நம்புனா” என்றார் அவர்.

சிசிலி சிரிக்கவில்லை. அவர் காலடியில் கிடந்த வெறும் பையை எடுத்து மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

“நான் நம்பியிருந்தா” என்று மெல்லக் கேட்டாள், “நீங்க அத அங்க விட்டுட்டு வந்திருப்பீங்களா?”